பத்திரத்தில் அண்ணன் பெயரும் இருக்கிறது, உயிலில் மூவருக்கும் சமம் என்று இருக்கிறது: எது செல்லும்?

கேள்வி:
அப்பாவுக்கு 78 வயது. தான் போன பிறகு பிள்ளைகள் அலையக் கூடாது என்று 10 வருடத்துக்கு முன்னால் வீட்டுப் பத்திரத்தில் அண்ணன் பெயரையும் சேர்த்தார். போன வருடம் உயில் எழுதினார், அதில் வீடு அண்ணன், நான், தங்கை மூன்று பேருக்கும் சமம். பின்னால் எழுதியதுதானே செல்லும் என்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அண்ணனோடு எந்தச் சண்டையும் இல்லை, இனியும் வரக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

பதில் 1:
பின்னால் எழுதியது செல்லும் என்பது இரண்டு உயில்கள் இருந்தால் சரி. பத்திரத்துக்கும் உயிலுக்கும் நடுவில் அந்தக் கணக்கு கிடையாது. அப்பா கண்ணை மூடும்போது அவருக்கு என்ன சொந்தமோ அதை மட்டும்தான் உயில் கொடுக்கும். அண்ணன் பெயர் சேர்ந்த அன்றே ஒரு பங்கு கை மாறிவிட்டது. பாதிப் பாதி என்று வைத்துக்கொண்டால் உயில் பிரிப்பது அப்பாவின் பாதியை மட்டும், ஆளுக்கு 1/6. அண்ணனுக்கு ஏற்கெனவே உள்ள பாதியோடு சேர்த்து 2/3 ஆகிவிடும், நீங்களும் தங்கையும் சேர்ந்தே 1/3தான். இதுகூடப் பரவாயில்லை. 'ஒருவர் காலமானால் முழுவதும் மற்றவருக்கே' என்ற வாசகம் பத்திரத்தில் இருந்தால் உயில் பிரிப்பதற்கு அந்த வீட்டில் எதுவுமே மிஞ்சாது. முதலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் 2:
எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அம்மா உயிலில் ஒரு மனையை எனக்கு எழுதியிருந்தார், அப்புறம் சிகிச்சைக்காக அதை விற்றார், உயிலை மாற்றவில்லை. மிச்சப் பணம் வங்கியில் அப்படியே இருந்தது, எனக்கு வரும் என்று நினைத்தேன். ஆனால் உயிலில் மனை என்றுதான் இருந்தது, அதை விற்ற பணம் என்று இல்லை, அதனால் மற்ற சொத்துகளோடு சேர்ந்து எல்லோருக்கும் பிரிந்துவிட்டது. சொத்தில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் உயிலையும் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பத்திரத்தைப் பார்த்தேன். அந்த வரி இருக்கிறது. உயிலைத் திருத்தி எழுதினால் போதுமா?

பதில் 1:
போதாது. ஆங்கிலச் சட்ட வழி வந்த நாடுகளில் இந்த மாதிரிக் கூட்டு உரிமையை உயிலால் உடைக்க முடியாது, அப்பா இருக்கும்போதே பங்கைத் தனியாகப் பிரித்தாக வேண்டும். உங்கள் அண்ணன் நல்லபடியாக இருப்பதால் சுலபம்: இன்னாருக்கு இவ்வளவு என்று இருவரும் சேர்ந்து புதுப் பத்திரம் போடலாம், இல்லையென்றால் அவர் தன் பங்கை அப்பாவுக்கே விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். மூவருக்கும் சமமாக வர வேண்டுமென்றால் இரண்டாவதுதான் நேரான வழி. வீட்டின் மேல் கடன் இருந்தால் வங்கியிடமும் கேட்க வேண்டியிருக்கும். பதிவுச் செலவு, வரி எல்லாம் ஊருக்கு ஊர் மாறும், வக்கீலிடம் பத்திரத்தையும் உயிலையும் ஒன்றாகக் காட்டுங்கள், தனித்தனியாகக் காட்டியதால்தான் இந்தச் சிக்கலே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில் 3:
இதைப் பார்த்துவிட்டு, உயிலே வேண்டாம், இப்போதே மூவர் பெயருக்கும் எழுதிவிடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உயிலை அப்பா எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், தானமாகக் கொடுத்த பத்திரத்தை மனம் மாறிவிட்டது என்று திரும்ப வாங்க முடியாது. எழுதியே தீர வேண்டும் என்றால், கடைசி வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையைத் தனக்கென்று பத்திரத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வாய்வார்த்தையாக விடாதீர்கள். உயிலைப் புதிதாக எழுதினால் சாட்சி இரண்டு பேர் வேண்டும், இங்கிலாந்தின் 1837 சட்டமும் இந்தியாவின் 1925 வாரிசுரிமைச் சட்டமும் அதைத்தான் கேட்கின்றன. நீங்களோ தங்கையோ அந்த இருவரில் ஒருவராக இருக்க வேண்டாம்.