ஆசிரியர்களுக்கான வீடியோ பயிற்சி: இன்னும் மனசை விட்டுப் போகாத சம்பவத்தைச் சொல்லுங்க

சுண்ணக்கட்டி:
டயட்ல, அதான் மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனத்துல பயிற்சி, நான் கருத்தாளர். கைனமாஸ்டர்ங்கிற வீடியோ எடிட்டிங் ஆப்ல வெட்டுறது, ஒட்டுறது, லேயர் எல்லாம் முதல் நாளே முடிஞ்சுது. மறுநாள் ஆளுக்கு ரெண்டு நிமிஷ வீடியோ எடுத்துட்டு வரணும். நாலாம் வகுப்பு டீச்சர் ஒருத்தர், ஓய்வு பெறப் போறவர், பின்னம் எடுத்திருந்தார். ரெண்டு அடுக்குப் புத்தகம், குறுக்கே மர ஸ்கேல், அதுமேல போனைக் கவிழ்த்து வச்சு எடுத்தது. திரையில அவர் கையும் ஒரு சப்பாத்தியும்தான். பேசாம மடிச்சுக் கிழிக்கிறார். ஒரு துண்டை இன்னொண்ணு மேல வச்சுப் பாக்குறார். ஓரம் பொருந்தல. கை அப்படியே நிக்குது. ஹால்ல இருந்த அத்தனை பேரும் முன்னால சாஞ்சாங்க. அதை ஒதுக்கிட்டு இன்னொரு சப்பாத்தி எடுக்கிறார், மடிப்பை நகத்தால அழுத்தித் தேச்சுக் கிழிக்கிறார். இப்பதான் குரல் வருது: "ரெண்டும் சமமா இருந்தாத்தான் அரை."

பார்வையிட வந்த அதிகாரி எழுந்து, "டீச்சர் முகமே இல்லையே, தலைப்பு இல்லை, மியூசிக் இல்லை. அந்த முதல் சப்பாத்தி தப்பா வந்திருக்கு, தூக்கிடுங்க"ன்னார். டீச்சரும் "சரிங்க சார்"னு தூக்கிட்டார். மேலே போனது அந்த வெட்டின வீடியோதான். முதல் சப்பாத்திதாங்க பாடமே. எனக்கு இன்னும் ஆறல.

மலைப்பள்ளி:
2018ல புதுப் பாடப்புத்தகத்துல, போன்ல ஸ்கேன் பண்ணா பாட வீடியோ வர்ற கியூஆர் கோடு வந்தப்ப எங்க ஊர்ல பாதிப் பேர்கிட்ட ஸ்மார்ட்போனே கிடையாது. 2020ல பள்ளியை மூடினப்ப அந்தக் கோடுதான் கதின்னு ஆச்சு. கல்வித் தொலைக்காட்சி எங்க மேட்டுல எல்லா வீட்டுக்கும் எட்டல. ஒரு பையன் அவங்க அப்பா போனோட திண்ணையில உக்காந்திருந்தான். ஓடினது எந்த வீடியோன்னு சொல்ல விரும்பல. திரை நிறைய எழுத்து, ஸ்லைடு ஸ்லைடா. அவன் ரெண்டு விரலை வச்சு விரிச்சு விரிச்சுப் பாக்குறான், போட்டோவைப் பெருசாக்குற மாதிரி. எழுத்து பெருசாகவே இல்ல. போனை என்கிட்ட நீட்டி, "நீங்களே சொல்லுங்க சார்"னான்.

இப்ப எந்தப் பயிற்சிக்குப் போனாலும், எடுத்த வீடியோவை லேப்டாப்புல பாக்க விடமாட்டேன். கையை நீட்டிப் போன்ல பாருங்க, படிக்க முடியலன்னா மாத்துங்கன்னு சொல்லிடுவேன்.

சிறப்பாசிரியர்:
சுண்ணக்கட்டி சார், உங்க ஆதங்கம் புரியுது. ஆனா முகம் வேண்டாம்னு முடிவு கட்டிடாதீங்க. எங்க வட்டாரத்துல காது கேளாத ஒரு பிள்ளை, மூணாம் வகுப்பு. வாயசைவைப் பார்த்துத்தான் பாதியைப் பிடிச்சுக்குவா. பயிற்சியில பாராட்டு வாங்கின ஒரு கதை வீடியோவை அந்த வகுப்புல வேட்டியைக் கட்டித் திரையாக்கி ஓட்டினாங்க. பொம்மையும் கையும் மட்டும்தான். மத்ததுங்க கைதட்டிச் சிரிக்குதுங்க. இவ எழுந்து போய் வேட்டியை விலக்கிப் பின்னால எட்டிப் பார்த்தா. பேசுற ஆளைத் தேடினா!

கீழே வரி போட்டா போதும்பாங்க. படிக்கவே இன்னும் வராத பிள்ளைக்கு வரி எதுக்கு? பாடப்புத்தகம் தயாரிக்கிற மத்திய அரசு அமைப்பு என்சிஇஆர்டி 2020லயே பாடப்புத்தகங்களை இந்திய சைகை மொழியில கொண்டுவர ஒப்பந்தம் போட்டுச்சு. நம்ம பயிற்சிகள்ல அதைப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதில்ல.

சுண்ணக்கட்டி:
டீச்சர், அந்த அதிகாரி முகம் கேட்டது அலங்காரத்துக்கு. நீங்க கேக்குறது பாடத்துக்கு. கை முழுத் திரையில இருக்கட்டும், மூலையில வாய் தெளிவாத் தெரியுற மாதிரி முகம் ஒரு கட்டத்துல இருக்கட்டும். ஆனா முதல் சப்பாத்தியை வெட்டக் கூடாது. அதுல நான் விட்டுத்தர மாட்டேன்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
நான் பார்த்தது சிறியது. எரிமலையின் மாதிரி வடிவம் ஒன்றைச் செய்து ஒரு ஆசிரியர் அருமையாக எடுத்திருந்தார். மின்விசிறி இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆகவே சில விஷயங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். இயர்போன் மைக்கைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டால் குரல் தெளியும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், முகம் கருத்துவிடும். ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். லென்ஸைத் துடையுங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வசனம் எழுதும் முன் ஒரு தாளில் ஆறு கட்டம் கிழித்து, பென்சிலால் படமாக மட்டும் வரையுங்கள். வரைய முடியாத கட்டம் வந்தால், அங்கே காட்ட ஒன்றும் இல்லை, பேச்சுதான் இருக்கிறது என்று பொருள். திரையில் இருக்கும் வரியையே வாயாலும் வாசிக்காதீர்கள். ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பல சோதனைகளில் ஆராய்ந்து, படத்தோடு குரல் போதும், அதே சொற்களை எழுத்திலும் போட்டால் கவனம் சிதறும் என்கிறார். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் யூடியூபில் உரிமைக் கோரல் வரும். பிள்ளைகளைப் படம் பிடிக்கும் முன் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாய்மொழி போதாது. இதில் அலட்சியம் வேண்டாம்.

ஈராசிரியர் பள்ளி:
ஐயா, எல்லாம் சரி. ஃபேனை நிறுத்தலாம், அஞ்சு வகுப்பையும் எப்படி நிறுத்துறது? ரெண்டு பேர்தான் இருக்கோம். நான் எடுக்கிறதை விட்டுட்டேன், பிள்ளைங்க எடுக்குறாங்க. கொடிக்கம்பத்தோட நிழலை மணிக்கு ஒரு தடவை, ஒரே இடத்துல நின்னு போட்டோ. போன் வைக்குற இடத்தைச் சுத்தி ஒரு பொண்ணு சாக்பீஸ்ல கோடு போட்டு, யாரையும் மிதிக்க விடல. எல்லாத்தையும் சேர்த்து ஓட்டினா நிழல் மேற்கே நீளமா ஆரம்பிச்சு, சுருங்கி, கிழக்கே நீளுது. பிஆர்சி, அதான் வட்டார வள மையக் கூட்டத்துல போட்டுக் காட்டினேன். பல வருஷமா அறிவியல் நடத்துற ஒரு சார், "மறுபடி போடுங்க"ன்னார். அது முடிஞ்சதும் இன்னொரு தடவை கேட்டார். பேரு, பள்ளி எதுவும் கேக்கல. கம்பத்தடியையே பாத்துக்கிட்டிருந்தார்.

சேலம் பக்கம் ஏப்ரல் பின்பாதியிலும் ஆகஸ்ட் பின்பாதியிலும் ஒரு நாள் உச்சி வெயில்ல கம்பத்துக்கு நிழலே விழாது. ஏப்ரல்ல பரீட்சை, அதனால ஆகஸ்ட்ல எடுக்கப் போறோம். தெற்கே போகப் போக அந்த ஆகஸ்ட் நாள் தள்ளிப் போகும். மதுரை, நெல்லையில இருக்கிறவங்க உங்க பிள்ளைங்களையும் எடுக்கச் சொல்லி அனுப்புங்க. போனை மட்டும் அசைக்க வேண்டாம்.