எட்டே எட்டு பந்து
(‘மேலவீதி வீடு’ குடும்ப வாட்ஸ்அப் குழு)

மீனா: நேற்று அமெரிக்கன் ஃபுட்பால் மேட்சில் வருண் டீம் ஜெயித்துவிட்டது. ஆனால் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கோச் மொத்தமே 8 முறைதான் பந்தை முன்னால் எறிய (பாஸ்) விட்டாராம்.

தாத்தா: எறிவதுதானே அம்மா அவன் வேலை? மீதி நேரம் என்ன செய்தான்?

மீனா: பந்தை வாங்கிப் பக்கத்தில் ஓடி வருகிறவன் வயிற்றில் திணித்துவிட்டு நின்றான் அப்பா. சட்டையில் ஒரு புல்கறை இல்லை. எனக்குத் துவைக்கிற வேலை மிச்சம்.

ரவி: எத்தனை பாஸ் போய்ச் சேர்ந்ததுடா?

வருண்: 6 மாமா.

ரவி: அடேய், அது சான் பிரான்சிஸ்கோ 49ers டீமில் பந்து எறிந்த ஜிம்மி கரோப்போலோ கணக்கு! 2020 ஜனவரி, கிரீன் பே பேக்கர்ஸ் டீமோடு. 8 எறிந்து 6, வெறும் 77 யார்டு. பந்தோடு ஓடுகிற மோஸ்டர்ட் ஓடியே 220 யார்டு, 4 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது). 37-20 ஜெயித்து சூப்பர் பௌல் இறுதிப்போட்டிக்குப் போனார்கள். உங்கள் ஊர் டீம்தானே.

வருண்: சூப்பர் பௌலில் என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். கடைசி குவார்ட்டரில் 20-10 முன்னிலை. தோற்றது 31-20. பந்து பிடிக்க வேண்டிய சாண்டர்ஸ் தனியாக ஓடினார், கரோப்போலோ எறிந்த பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. எறிய விடாமல் வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும்.

ரவி: கதை விடாதே. அந்த சீசனில் கரோப்போலோ 476 பாஸ் எறிந்தவர். கை துருப்பிடிக்கவில்லை.

ரவி: எங்கள் டென்னசி டைட்டன்ஸ் டீமைப் பார். அதே ஜனவரியில் பால்டிமோரில் எங்கள் டானஹில் எறிந்தது 14, பால்டிமோர் டீமின் லமார் ஜாக்சன் எறிந்தது 59. ஜெயித்தது யார்? 28-12! எங்கள் டீமில் பந்தோடு ஓடுகிற ஹென்றி 195 யார்டு ஓடினார். போதாதென்று அவரே ஒரு டச்டவுன் பாஸும் எறிந்தார் 😂

தாத்தா: அப்படியானால் குறைவாக எறிந்தால் ஜெயிக்கலாம் என்று சொல்.

பிரியா: தாத்தா, அது குடை விரித்ததால் மழை வந்தது என்கிற மாதிரி. முன்னால் இருக்கிற டீம் ஓடி ஓடி நேரத்தைக் கரைக்கும். பின்தங்கியவன் எறிந்துதான் ஆக வேண்டும். ஜாக்சன் அந்த சீசனில் மேட்சுக்குச் சுமார் 27தான் எறிந்தார், சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருதே வாங்கினார். அன்றைக்கு 14-0 பின்தங்கிய பிறகு வேறு வழி?

ரவி: சரி, ஆனால் டானஹில்? 2019 சீசனில் 286 பாஸ்தான். பாஸ் எறிதலுக்கான ரேட்டிங் 117.5, லீக்கிலேயே முதலிடம்.

பிரியா: ஹென்றி ஓடுவார் என்ற பயத்தில் எதிரணி முன்னால் ஏறி நிற்கும். கொடுப்பது போலப் பாவனை காட்டிவிட்டு எறிந்தால் பின்னால் மைதானமே காலி. எத்தனை என்பதைவிட எப்போது எறிகிறோம் என்பதுதான் விஷயம் மாமா. வருண், உன் எட்டும் எப்போது வந்தது?

வருண்: 6 தேர்டு டவுனில் அக்கா. எல்லாம் 8, 9 யார்டு வேண்டிய நேரம்.

தாத்தா: புரியவில்லையே.

பிரியா: நான்கு முயற்சியில் 10 யார்டு போக வேண்டும் தாத்தா. முதல் இரண்டிலும் ஓடி ஒன்றும் தேறவில்லை என்றால், மூன்றாவதில் எறியத்தான் போகிறான் என்று எதிரணிக்கே தெரியும். எல்லோரும் அவன் மேல் பாய்வார்கள்.

ரவி: அப்படியிருந்தும் எட்டில் 6 பிடிக்க வைத்தாயா? 👏 சொல்லவே இல்லையே!

மீனா: இதை கோச்சிடம் போய்ச் சொல்லட்டுமா?

வருண்: அம்மா வேண்டாம் ப்ளீஸ் 🙏 நானே கேட்கிறேன். எட்டே போதும், ஆனால் அதில் இரண்டு மூன்றையாவது முதல் டவுனில் (முதல் முயற்சியில்) கொடுங்கள் என்று.

ரவி: அப்படிக் கேள். இன்னும் 20 வேண்டும் என்று நின்றால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்.

தாத்தா: அடுத்த மேட்ச் எப்போது?

மீனா: இங்கே வியாழன் மாலை நாலரை அப்பா. அங்கே வெள்ளி காலை 5 மணி.

தாத்தா: பால்காரர் வருவதற்குள் முடியுமா?

மீனா: முடியாது. வீடியோ கால் போடுகிறேன். போனைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள்.