கன்னங்குறிச்சிப் பக்கம் வீட்டுமனை: அங்கீகாரம் இருந்தால் போதுமா?

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். சேலம் கன்னங்குறிச்சிக்கு அப்பால், சேர்வராயன் மலையைப் பார்த்தபடி உள்ள மனைப்பிரிவு ஒன்றில் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம். நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறது, வில்லங்கச் சான்றிலும் குறை எதுவும் இல்லை. மனைக்குப் பின்புறம் மட்டும் சீமைக் கருவேலம் மண்டிய பள்ளம் ஒன்று ஓடுகிறது. அது பழைய வண்டிப்பாதை என்கிறார் விற்பவர். ஓய்வூதியப் பணம் முழுவதையும் போட்டு வாங்குவதால், முன்பணம் கொடுப்பதற்குள் வேறு என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (முன்னாள் நில அளவர்)

அம்மா, அந்தப் பள்ளம் வண்டிப்பாதையா ஓடையா என்பதை விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மனையின் புல எண்ணை வைத்துப் புல வரைபடத்தையும், எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். பள்ளம் தனிப் புல எண்ணில் இருந்தால், அந்த எண்ணுக்கு நேரே புறம்போக்கின் வகை எழுதியிருக்கும். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும் என்பதால், நிலத்தின் தன்மையை அதில் தேடிப் பயனில்லை. நீர்நிலை என்று தெரிந்தால், எல்லையிலிருந்து 15 மீட்டருக்குள் கட்டுவதற்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் கட்டுப்பாடு உண்டு. சிறிய மனையில் அந்தத் தூரம் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

அங்கீகார எண்ணோடு நின்றுவிடாமல், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மனையின் நான்கு மூலைக் கற்களையும் உள்ளூர் சர்வேயரைக் கொண்டு அளந்து பார்க்கவும். சாலையும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டனவா என்பதையும் கேளுங்கள். அங்கீகாரம், அனுமதியின்றிப் பிரித்த மனைகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டு வரன்முறைத் திட்டத்தின் கீழ் பெற்றது என்றால், அது 20-10-2016 வரை மனைகள் விற்றுப் பதிவான மனைப்பிரிவுகளுக்கு உரியது. தேதியைச் சரிபார்ப்பது அவசியம்.

பதில் 2 (அதே பகுதியில் வீடு கட்டியவர்)

காகிதத்தை ஐயா சொல்லிவிட்டார். தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன். மலையில் பெய்யும் மழை இந்தப் பக்கமாக இறங்கி, புது ஏரியை நிரப்பி, மூக்கனேரிக்கு வருகிறது. இடையில் இருக்கும் ஒவ்வொரு ஓடையும் அதற்கான வழிதான். கோடையில் மனை பார்த்து, தரை காய்ந்திருக்கிறது என்று நம்பி வாங்கினேன். மூலையில் கோரைப்புல் செழித்திருந்ததைக் கண்ணால் கண்டும், அது ஈரத்தின் அடையாளம் என்று அப்போது உறைக்கவில்லை. முதல் பெருமழையில் முன்னறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடித்தளத்தை உயர்த்தச் செலவழித்த பணத்தில் இன்னொரு அறையே கட்டியிருக்கலாம்.

ஆகவே நல்ல மழை பெய்த மறுநாள் காலை நேரில் போய்ப் பாருங்கள், அக்கா. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் படிந்திருக்கிறது என்று கவனியுங்கள். ஓர் ஆளை விட்டு ஐந்தடிக் குழி தோண்டச் சொல்லி, கரம்பை மண்ணா, செம்மண்ணா, கொட்டி நிரப்பிய இடிபாடா என்று அறிந்த பிறகே அடித்தளச் செலவைக் கணக்கிட முடியும்.

பதில் 3

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பூர்வீகச் சொத்தாக இருந்து பிரிக்கப்பட்ட நிலமானால், தாய்ப்பத்திரத்தில் தொடங்கி வாரிசுகள் அனைவரும், குறிப்பாக மகள்கள், கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று வழக்கறிஞரிடம் காட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. புல வரைபடம் எடுத்தோம். பள்ளத்துக்குத் தனிப் புல எண் இருக்கிறது, அ-பதிவேட்டில் "ஓடை" என்றே எழுதியிருக்கிறது. முன்பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். அதே மனைப்பிரிவில், சாலையின் மேட்டுப்புறத்தில் இருக்கும் மனைகளை மழைக்குப் பிறகு போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.