புதுப்பிப்பு: உபுண்டுவில் மாணவர் கணக்கிலிருந்து அட்மின் கணக்கு உருவானது எப்படி (தீர்ந்தது)

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: மன்னார்குடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில், உபுண்டு 20.04 (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்) ஓடும் மெஷினில் யாரோ புது அட்மின் கணக்கு ஒன்று உருவாக்கியிருந்தார்கள், அது எப்படி என்று கேட்டிருந்தேன்.

மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸுக்குப் பாஸ்வேர்ட் போட்டும் பயனில்லை. லாகின் திரையான ஜிடிஎம்மின் பதிப்பைப் பார்க்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. இது 2020 நவம்பரில் வெளியில் தெரியவந்த பாதுகாப்பு ஓட்டை, இப்படிப்பட்ட ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் (சிவிஇ) இதன் எண் சிவிஇ-2020-16125. மெஷினில் எத்தனை பயனர்கள் என்று ஜிடிஎம், அக்கவுண்ட்ஸ்சர்வீஸ் என்ற சேவையிடம் கேட்கும். அந்தச் சேவையை முடக்கிவிட்டால் பதில் வராது, உடனே ஜிடிஎம் பயனர் யாருமே இல்லை என்று எடுத்துக்கொண்டு முதல்முறை நிறுவும்போது வரும் திரையைத் திறந்துவிடும், அங்கே உருவாக்கும் கணக்கு அட்மின் கணக்காகிவிடும்! கோட் எழுதவே தேவையில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

ஜிடிஎம், அக்கவுண்ட்ஸ்சர்வீஸ் இரண்டையும் அப்டேட் செய்து ரீஸ்டார்ட் செய்தேன், ஓட்டை அடைபட்டது.

எதிர்பாராதது இரண்டு. அப்டேட் செய்தாலும் ஏற்கெனவே உருவான கணக்கு அப்படியே இருக்கும், அதைத் தனியாக நீக்க வேண்டும். அட்மின் உரிமை உள்ளவர்களின் பட்டியலான சூடோ குழுவில் வேறு யாராவது சேர்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்புறம், மெஷின்களை முன்பு அமைத்தவர் அப்டேட்டை குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இரவு 2 மணிக்கு வைத்திருக்கிறார். சென்டரைப் பூட்டும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவோம், அதனால் அது ஓடவேயில்லை. இப்போது காலை 11 மணிக்கு மாற்றியாயிற்று.