நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதி: மாறியது பெயர் மட்டும்தானா?

மார்த்தாண்டத்துக்காரன்:
2008 தொகுதி மறுவரையறையில் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதி கன்னியாகுமரி ஆனது. "பெயர்தானே" என்று பலரும் சொல்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. முதல் மக்களவைக்கு 1952-ல் நேசமணி நாகர்கோவிலிலிருந்து போனபோது நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு அந்த அவையில் இருந்த ஒரே உறுப்பினர் அவர். 1954 ஆகஸ்டு 11 அன்று, தமிழகத்தோடு இணைக்கக் கேட்டுப் போராடியவர்கள்மீது எங்கள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-ல் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தோம். 1962-லும் 1967-லும் அதே நேசமணி, அதே நாகர்கோவில்; இந்த முறை சென்னை மாநிலத்திலிருந்து, இந்திய தேசியக் காங்கிரசின் சார்பில். மாநில எல்லை மாறியபோதுகூட நிலைத்து நின்ற பெயரை ஒரு வரைபடத் திருத்தத்தில் விட்டுவிட்டோம்.

கொட்டாரம்:
தம்பி, நீங்கள் சொன்ன வரலாறு சரி. ஆனால் அந்தத் தொகுதியில் யார் இல்லை என்பதையும் எழுதியிருக்க வேண்டும். நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறும்தான் அதில் இருந்தன. மாவட்டத்துக்கே பெயர் தந்த கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் கிடந்தது. 2004-ல் நான் வாக்களிக்கப் போனபோது எந்திரத்தில் இருந்தவை திருச்செந்தூர் வேட்பாளர்களின் பெயர்கள். வென்ற ராதிகா செல்வி எங்கள் எம்.பி. ஆனார். அவர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் எங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் நாகர்கோவிலில். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு எம்.பி. பெல்லார்மின், எங்களுக்கு மட்டும் கூடங்குளம், உவரி தாண்டித் திருச்செந்தூர் சீமை! ஒரு பாலமோ ரயிலோ கேட்க வேண்டுமென்றால் எந்த எம்.பி.யிடம் மனு கொடுப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் முழித்ததை நான் பார்த்திருக்கிறேன். 2008-ல் முழு மாவட்டமும் ஒரே தொகுதியாயிற்று. அதைப் பெயர் மாற்றம் என்று சுருக்காதீர்கள்.

மார்த்தாண்டத்துக்காரன்:
அக்கா, கொட்டாரம் வந்து சேர்ந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். என் வழக்கு வேறு. நாகர்கோவில் என்றால் காமராசர் நினைவுக்கு வருகிறார். 1967-ல் விருதுநகரில் அவரைத் தோற்கடித்தார்கள். மறு ஆண்டு நேசமணி காலமானார். 1969 ஜனவரி இடைத்தேர்தலில் அப்பச்சி காமராசர் இங்கே வந்து நின்றார். ஆளுங்கட்சியான தி.மு.க. சுதந்திராக் கட்சியின் டாக்டர் மத்தியாசுக்கு ஆதரவு. அண்ணா முதலமைச்சர். அந்த நிலையிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் காமராசரை ஜெயிக்க வைத்தார்கள் நம் மக்கள். என் தகப்பனாருக்கு அது முதல் வாக்கு. "விருதுநகர் செய்த பிழையை நாங்கள் திருத்தினோம்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிது 1971. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில், கட்சி பிளந்தபின் காமராசர் இருந்த ஸ்தாபன காங்கிரசுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அது நாகர்கோவில். மாநிலம் முழுவதும் அலை ஒரு பக்கம் அடிக்க, நாம் மட்டும் தனியாக நின்றோம். 1975 அக்டோபர் 2-ல் அவர் மறைந்தபோது நாகர்கோவிலின் எம்.பி.யாகவே மறைந்தார். இன்று கன்னியாகுமரித் தொகுதி என்று படிக்கும் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

கொட்டாரம்:
பிறந்த ஊரைப் பார்க்காமல் விருதுநகர்க்காரரைத் தோளில் தூக்கிய மக்கள் அவர்கள். நீங்களோ ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்த 1969 வாக்காளர்களே உங்களுக்கு எதிர்சாட்சி, தம்பி.

திருவட்டாறு:
அண்ணாச்சியும் அக்காவும் பெயருக்காக வாதாடுகிறீர்கள். எங்களுக்குத் தொகுதியே இல்லை! அதே 2008-ல் மாவட்டத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் ஆறாயின. கழிந்தது திருவட்டாறு. 2006-ல் வென்ற லீமா ரோஸ்தான் கடைசி எம்.எல்.ஏ. அவருக்கு முன்பு தொழிற்சங்கத்துக்காரரான ஹேமச்சந்திரனைப் பலமுறை சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. மலையடிவாரம் முழுக்க ரப்பர். விடிவதற்கு முன்பே பால் வெட்டப் போகிறவர்கள் எங்கள் வாக்காளர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. இதைச் சட்டமன்றத்தில் ஒருவர் பேசினால், அவர் ரப்பர் சீமையின் ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது எங்களைப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கு வைத்துவிட்டார்கள். மறுவரையறை மாவட்டத்தை ஒன்றுசேர்த்தது என்று அக்கா எழுதியதைப் படித்தபோது எனக்கு வலித்தது.

கொட்டாரம்:
உங்கள் வலி நியாயமானது. திருவட்டாறு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியையும் அதே மறுவரையறை அழித்தது. அந்த மாவட்டம் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்காகச் சிதறியது. 2009-ல் அங்கே யாருக்கும் வாக்கில்லை என்று 49-ஓ போட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் இழந்ததைத்தான் நாங்கள் பெற்றோம். அதனால்தான் நாடாளுமன்றத் தொகுதியைப் பொறுத்தவரை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

பாறசாலை:
களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிறவன் நான். இதில் பேச எனக்கு உரிமை உண்டா என்று யோசித்துவிட்டே எழுதுகிறேன். தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் தமிழர்கள் கேட்டது ஒன்பது தாலுகா. கிடைத்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையில் ஒரு பகுதி. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் இங்கேயே நின்றன. நான் வாக்களிப்பது திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில். 1952-ல் டில்லிக்குப் போன நேசமணி எங்கள் தாலுகாக்களுக்காகவும் சேர்த்தே போராடினார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'நாகர்கோவில் எம்.பி.' என்றுதான் அவரைச் சொல்வார்கள். 'கன்னியாகுமரி' என்பது 1956-க்குப் பிறகு வந்த மாவட்டத்தின் பெயர். அந்த மாவட்டத்தில் நாங்கள் இல்லை. 'நாகர்கோவில் தொகுதி' பழைய திருவிதாங்கூரின் பெயர். அதில் எங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. பெயர் போனதும் அந்தக் கொஞ்சமும் போயிற்று.

மார்த்தாண்டத்துக்காரன்:
நான் எழுதத் தெரியாமல் திணறியதைப் பாறசாலை நண்பர் எழுதிவிட்டார். அக்கா, ஒன்று கேட்கிறேன். கொட்டாரத்தைச் சேர்த்துக்கொண்டு நாகர்கோவில் என்ற பெயரையே வைத்திருந்தால் உங்களுக்கு என்ன நட்டம்? மாவட்டத்தின் தலைநகர் அதுதானே.

கொட்டாரம்:
பாறசாலை எழுதியதை இரண்டு முறை படித்தேன். இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த மறுவரையறைக் கருத்துக்கேட்பில் நாகர்கோவில் பெயரைக் கேட்டு மனு போடுங்கள். எங்களை மறுபடி திருச்செந்தூர்ப் பக்கம் தள்ளக் கூடாது என்று ஒரு வரியும் அதில் இருந்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். திருவட்டாறு தம்பியின் கோரிக்கையை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.