பின்சர் காட்டு விடுதியா, கௌசானியா: பனிமலை பார்க்க எங்கே தங்குவது?

குறிஞ்சிவாசன்:
உத்தராகண்டில் அல்மோராவைத் தாண்டி, பின்சர் சரணாலயக் காட்டுக்குள் இருக்கும் விடுதியில் அக்டோபர் கடைசியில் தங்கினேன். குமாவுன் மலைக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: சாலையோர ஊரில் தங்காதீர்கள், காட்டுக்குள் போய்விடுங்கள். மாலையில் சில மணி நேரம் விளக்கு எரியும், பிறகு மெழுகுவத்திதான். அந்த இருட்டுக்காகவே போகலாம். விடியும் முன் மாடிக்கு ஏறி நின்றால் பனிச்சிகரங்களின் வரிசை: இடக்கோடியில் சௌகம்பா, வலக்கோடியில் பஞ்சசூலி, நடுவில் திரிசூலும் நந்தாதேவியும். 7,816 மீட்டர் உயர நந்தாதேவியின் முனை முதலில் சிவக்கிறது. கீழே பள்ளத்தாக்கு இன்னும் கருப்பாகவே கிடக்கிறது. வேறெங்கும் தங்குவது பணத்துக்குக் கேடு.

கோவை அமுதா:
ஐயா, கடைசி வரியை ஏற்கவே முடியாது. எழுபதைக் கடந்த என் மாமியாருக்கு இமயத்தைப் பார்க்க வேண்டும் என்பது வாழ்நாள் ஆசை. காத்கோதாமில் ரயிலை விட்டு இறங்கியதும் மலைப்பாதை வளைவுகளிலேயே பாதி உயிர் போய்விடும். அதற்குமேல் காட்டுப் பாதை, கொட்டும் குளிர், நடுராத்திரியில் கழிப்பறைக்குப் போக மெழுகுவத்தி! விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எந்த டாக்டரிடம் போவது? அதே குமாவுன் மலையில் உள்ள கௌசானியில் நாங்கள் தங்கிய அறையில் ஜன்னல் திரையை விலக்கினால் நேர் எதிரே திரிசூல். போர்வையைப் போர்த்திக்கொண்டே அவர் பார்த்தார். 1929இல் காந்தி தங்கி, தம் கீதை மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதிய ஊர் அது. அங்கே காந்தி தங்கிய அனாசக்தி ஆசிரமத்து முற்றத்தில் வயதானவர்கள் வரிசையாக அமர்ந்து மலையைப் பார்ப்பதை நீங்கள் கண்டிருந்தால் பணத்துக்குக் கேடு என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

குறிஞ்சிவாசன்:
உங்கள் மாமியார் பார்த்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான் அம்மா. ஆனால் கௌசானியில் இன்று மலை தெரியும் சரிவெல்லாம் கட்டடமாகி வருகிறது. முன்னால் ஒரு மாடி எழும்பினால் பின்னால் இருப்பவரின் ஜன்னல் குருடாகிவிடும். பின்சரில் அப்படி ஆகாததற்குக் காரணம் 1988இல் அதைச் சரணாலயமாக்கியதுதான். வசதி கேட்டுக் கேட்டுத்தான் நைனிதால் இன்றைய நெரிசலுக்கு வந்து நிற்கிறது.

மலைத்தேன்:
வேலை நிமித்தம் இந்தப் பக்கத்தில் வசிக்கிறேன். இருவரும் ஜன்னலைப் பற்றியே பேசுகிறீர்கள். பின்சர் சரணாலயத்துக்குள் கிராமங்கள் இருக்கின்றன. இந்த மலைகளில் சாலை எட்டாத ஊரில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் டோலியில் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். நாம் ரசிக்கும் தனிமையின் மறுபக்கம் அது.

காட்டைப் பற்றியும் சொல்கிறேன். விடுதியிலிருந்து மலை பார்க்கும் உச்சியான ஜீரோ பாயிண்ட் போகும் பாதையில் பாஞ்சு மரங்கள், அதாவது இமயத்து ஓக். கிளையெல்லாம் பாசி தொங்கும், காலடி மண் ஈரமாகவே இருக்கும். ஊற்றுகளுக்கு நீர் பிடித்து வைப்பது அந்த மண்தான். கீழே இறங்கினால் சீர் பைன் மரங்கள். அவற்றின் ஊசியிலைகளை இங்கே பிரூல் என்பார்கள். கோடையில் மெத்தைபோலக் காய்ந்து கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும். 2024 ஜூன் 13 அன்று இதே பின்சரில் தீயை அணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் நால்வர் அங்கேயே கருகி இறந்தார்கள். நீங்கள் கொடுக்கும் வாடகை இந்தக் காட்டைக் காக்கிறவர் வீட்டுக்குப் போகிறதா என்று கேளுங்கள். கிராமத்து வீடுகளில் தங்குங்கள். மண்டுவா ரொட்டியும் கருப்பு பட் பயற்றில் செய்த சுட்கானியும் தருவார்கள். மண்டுவா வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகுதான்.

கோவை அமுதா:
மலைத்தேன் சொல்வது நெஞ்சில் தைக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்: அந்தக் கிராமத்துப் பாட்டிக்கும் என் மாமியாருக்கும் வேண்டியது ஒன்றுதானே? கழிப்பறை வாசலில் ஒரு சோலார் விளக்கு, படியில் ஒரு கைப்பிடி. இதனால் எந்த நட்சத்திரம் மறைந்துவிடும்? முதியவர்கள் வரக்கூடாது என்று எழுதிப் போடாமலேயே கதவைச் சாத்துவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

குறிஞ்சிவாசன்:
சோலார் விளக்கும் கைப்பிடியும் தாராளமாக வரட்டும், அதற்கு நான் எதிரியில்லை. விடுதிகளுக்காக மின்கம்பி இழுப்பதற்குத்தான் எதிரி. கம்பிக்காக மரம் வெட்டுவார்கள், அடுத்து சாலையை அகலப்படுத்துவார்கள், அதன் பிறகு பாஞ்சு மரத்தைத் தேடத்தான் வேண்டும்.

மலைத்தேன்:
கிராமத்துக்குக் கம்பியும் வேண்டும், சாலையும் வேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அங்கே வாழ்கிறவர்கள், வந்து போகிற நாமல்ல. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அமுதா அம்மா, அடுத்த முறை மே, ஜூனில் வராதீர்கள். தூசியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து மலையையே மறைத்துவிடும். மழைக்காலத்தில் மேகம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரைதான் நிச்சயம் என்று ஓரளவு சொல்லலாம். அப்போதும் காலை பத்து மணிக்குமேல் மேகம் ஏறிவிடும். மாமியாரை அல்மோராவில் ஒரு இரவு ஓய்வெடுக்க வைத்துவிட்டு அழைத்து வாருங்கள். கார் வாசல்வரை வரும் கிராமத்து வீடாகப் பார்த்து, கழிப்பறை அறையோடு சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவை அமுதா:
நவம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் பார்க்கிறேன். கௌசானியிலும் ஒரு இரவு உண்டு, அதை யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.