மறு: டொமெஸ்டிக் நாவல் – ‘மனை நாவல்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். நம் நூல் பட்டியலில் ‘டொமெஸ்டிக் நாவல்’ (domestic novel) என்ற ஆங்கில இலக்கிய வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கும், அதற்கு வந்த யோசனைகளுக்கும் என் பதில் இது.

> ‘குடும்ப நாவல்’ என்றே போட்டுவிடலாம், வாசகருக்குச் சட்டென்று புரியும்.

ஐயா, புரியும், ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடும். குடும்ப நாவல் என்றதும் நமக்குக் கடைகளில் தொங்கும் மாத நாவல்தான் கண்ணில் வரும். 1850களில் அமெரிக்கப் பெண்கள் எழுதி அமோகமாக விற்ற இந்த வகையில் பெரும்பாலும் குடும்பத்தை இழந்த சிறுமிதான் நாயகி. சூசன் வார்னரின் ‘தி வைடு, வைடு வேர்ல்டு’ நாவலையே பாருங்கள். எல்லன் என்ற சிறுமியை நோயாளித் தாயிடமிருந்து பிரித்து, பழக்கமே இல்லாத ஓர் அத்தையின் பண்ணைவீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த அத்தை அவளுடைய வெள்ளைக் காலுறைகளை எடுத்துச் சாயத்தில் முக்கிச் சாம்பல் நிறமாக்கிவிடுகிறார், வெள்ளை என்றால் யார் ஓயாமல் துவைப்பது என்று. சிறுமிக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்குகிறது, அடக்கப் பழகுகிறாள். நாவல் முழுக்க இதுதான் நடக்கிறது: சமையலறை, தையல், வெண்ணெய் கடைதல், இவற்றுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை தன் மனத்தை ஆளக் கற்பது. ஆகவே கலைச்சொல் வீட்டைச் சுட்ட வேண்டும், உறவுகளை அல்ல.

‘இல்லறப் புதினம்’ என்ற யோசனையும் வந்தது. கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் இல்லறம் என்றால் மணமான வாழ்க்கை. இந்தக் கதைகளில் கல்யாணம் கடைசியில்தான் வரும், சிலவற்றில் அதுவும் பட்டும் படாமலும். ‘அகப்புதினம்’ இன்னும் சிக்கல், சங்க இலக்கியம் படித்த யாரும் தலைவன் தலைவியைத் தேடுவார்கள்.

> ‘கண்ணீர்க் கதை’ என்றால் என்ன தவறு? அழாத பக்கமே இல்லையே.

அழுகை நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்தால் 1855இல் அமெரிக்க நாவலாசிரியர் நத்தானியேல் ஹாதார்ன் தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பெண்களைக் கிறுக்கித் தள்ளும் கும்பல் என்று திட்டினாரே, அந்தப் பக்கம் நாமும் போய் நின்றதாகிவிடும். அப்போது அவர் ஆற்றாமைக்குக் காரணமாக இருந்தது மரியா கம்மின்ஸின் ‘தி லாம்ப்லைட்டர்’, 1854இல் வெளிவந்து எட்டு வாரத்தில் 40,000 பிரதி போனது. வார்னருக்கோ எழுத்துதான் பிழைப்பு. 1837 பொருளாதார நெருக்கடியில் அப்பாவின் சொத்து கரைந்துபோய், ஹட்சன் ஆற்றுத் தீவில் இருந்த வீட்டில் குடும்பம் சிரமத்தோடு வாழ்ந்தது. பல இடங்களில் திரும்பி வந்த ‘தி வைடு, வைடு வேர்ல்டு’ கையெழுத்துப் பிரதியை நியூயார்க் பதிப்பாளர் புட்னம் எடுத்துக்கொண்டார், அதுவும் புட்னமின் அம்மா படித்துவிட்டு வற்புறுத்தியதால். 1850 டிசம்பரில் எலிசபெத் வெதரெல் என்ற புனைபெயரில் வந்தது, இரண்டு ஆண்டில் 14 பதிப்பு. இப்படி ஓர் உழைப்புக்கு இளக்காரமான பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு: மனை நாவல். மனை என்றால் வீட்டுமனை விற்பனை நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். பள்ளியில் மனையியல் பாடம் இருக்கிறது, அதை யாரும் ரியல் எஸ்டேட் பாடம் என்று எண்ணுவதில்லை. ‘மனைப்புதினம்’ என்றும் ஆக்கலாம், ஆனால் ஈழத்து நண்பர்களுக்குப் புதினம் என்றால் செய்தி, அதனால் நாவல் இருக்கட்டும்.

அப்புறம், ‘டைம்’ (dime, அமெரிக்கப் பத்து சென்ட் நாணயம்) நாவலையும் இதையும் சேர்த்து ‘மலிவு நாவல்’ என்ற ஒரே தலைப்பில் அடக்க வேண்டாம். 1860இல் பீடில் நிறுவனம் பத்து சென்ட் விலையில் காகித அட்டையோடு தொடங்கிய வரிசை அது. முதல் நூலான ‘மலாயஸ்கா’வை எழுதியதும் ஆன் ஸ்டீபன்ஸ் என்ற பெண்தான், 1839இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் தொடராக வந்த கதையையே மறுபடி அச்சிட்டார்கள். எழுதியவர் பெண் என்பதற்காக அதை மனை நாவலில் சேர்க்க முடியாது. எல்லைப்புறக் கதை, விலையும் வடிவமும் வேறு. இலங்கை வழக்கில் சென்ட் என்பது சதம் ஆகையால் அதற்குப் ‘பத்துசத நாவல்’ சரியாக இருக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்குத் தெளிவு வரவில்லை. 1868இல் லூயிசா மே ஆல்காட் எழுதிய ‘லிட்டில் விமன்’ பதிப்பாளர் சிறுமிகளுக்கென்றே கேட்டு வாங்கியது. அதை மனை நாவலில் வைப்பதா, சிறார் நூலில் வைப்பதா? வார்னரைப் பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்தே படித்தார்கள், எனவே இரண்டு தலைப்பிலும் பதிவு போட்டு ஒன்றுக்கொன்று இணைப்பு கொடுக்கலாம் என்பது என் எண்ணம். சிறார் இலக்கியப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இதற்குச் சம்மதித்தால் இன்றே சேர்த்துவிடுகிறேன்.